மூன்று தண்ணீரில் கழுவிய சலாது

1

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

என் மகள் மதுரா, பத்து வயதுக்காரி, ஒரு கண்ணாடிக் கோப்பையில் எதையோ கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். பாலாடை, தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சையின் புளி, தோடம்பழம் என்கிற ஆரஞ்சின் துருவிய தோல், அரைத்த கடுகு, அவித்து நசுக்கிய முட்டை மஞ்சள். கண் பார்ப்பதற்கு முன் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. பதினாறு வருஷமாக நான் முகராத வாசனை அது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"யார் இதைச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்று பிள்ளைக்குப் புரியவில்லை.

"தாத்தா. ஃபோன்ல" என்றாள். "திங்கள் ஸ்கூலுக்கு ஃபேமிலி ரெசிபி ஒண்ணு செய்து கொண்டு போகணும். இன்னிக்கு ட்ரையல். நீங்க பிஸி. அதான் தாத்தாட்ட கேட்டேன். கிரீன் சாலட் அம்மா, வேற ஒண்ணும் இல்ல."

வேறொன்றும் இல்லையாம். அந்தச் சலாதால் என் அப்பாவின் வேலை போனது. அதற்கப்புறம் அந்தப் பெயரையே அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வேலை போனதற்கு நான்தான் காரணம் என்பது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்றுதான் அன்று காலை வரை நினைத்திருந்தேன்.

போதாக்குறைக்கு, சாப்பாட்டு மேசையில் அப்பாவின் விசாப் பாரம் விரித்தபடி கிடந்தது. மூன்று மாதம் எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்திருந்தார். அவர் இந்த வீட்டில் என் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற யோசனையில் நான் அந்தப் பாரத்தை ஒரு மாதமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். இங்கே ஸ்காபரோவில் சலாது இலையைக் கழுவி, துண்டாக்கி, பையில் அடைத்து விற்கிறார்கள். "மூன்று தடவை கழுவியது" என்று பையின் மேலேயே எழுதியிருக்கும். வந்த புதிதில் அதைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். யார் கழுவினார்கள், எந்தத் தண்ணீரில், அவர் கை எப்படிப்பட்டது என்று ஒருவருக்கும் கவலையில்லை. பையைக் கிழித்துக் கோப்பையில் கொட்டிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நான் அதை வாங்கி வந்து பருப்போடு வேக வைத்தேன். என் கணவர் ஞானம் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னப்பா இது, குளத்துப் பாசி மாதிரிக் கிடக்கு" என்றார்.

ஞானம் யாழ்ப்பாணத்தார். அவருடைய அப்பா பதுளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்ததால் பதுளையில் வளர்ந்தவர். பதினோரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இரண்டு தமிழ் பேசுகிறோம். தமிழ்க் கடையில் நான் வாயைத் திறந்தால், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்கிறார்கள். இலங்கை என்றால் நம்பமாட்டார்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டம் என்று விளக்கினால், "ஓ" என்று ஒரு ராகம் இழுப்பார்கள். அந்த ராகம் எனக்கு இப்போது பழகிவிட்டது. மகளோ எங்கள் இரண்டு தமிழையும் பிசைந்து, மேலே இங்கிலீசைத் தூவி ஒன்று பேசுகிறாள். அதைத் தாத்தா எப்படியோ புரிந்துகொள்கிறார். அவர்கள் இருவரும் இவ்வளவு தூரம் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

3

பூனாகலை ரோட்டில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அப்பா அங்கே துரை பங்களாவில் சமையற்காரர். தோட்டத்தில் கோக்கி என்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்களையும் "கோக்கி வீடு" என்றே சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் கூட உண்டு.

துரைக்கு மத்தியானச் சாப்பாட்டில் சலாது இல்லாவிட்டால் சாப்பாடே இறங்காது. எங்களுக்கோ பச்சை இலையைத் தின்பது ஆட்டின் வேலை. லயத்துக்குப் பின்னால் கோவா என்கிற கோசும் லீக்சும் சலாதும் போட்டு லொறிக்குக் கொடுத்தார்களே தவிர, ஒரு இலையை ஒருவரும் பச்சையாக வாயில் வைத்ததில்லை. காரணமும் இருந்தது. லொறிக்குப் போகும் பாத்திக்குப் பூச்சி மருந்து அடிக்காமல் ஆகாது. மருந்து அடித்த பாத்தியின் தலைமாட்டில் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டுவைப்பார்கள். புதிதாக அடித்த மருந்து எத்தனை தண்ணீரில் கழுவினாலும் முழுக்கப் போகாது. குச்சி நிற்கும்வரை சின்னப் பிள்ளை கூட அந்தப் பக்கம் போகாது.

பங்களாப் பாத்தி வேறு. அதை அப்பாவே பார்த்துக்கொண்டார். எப்போதாவது மருந்து தொட்டாலும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். அங்கே கத்தி போகக்கூடாது. வெளி இலையை மட்டும் கையால் ஒடித்து எடுக்க வேண்டும், குருத்தை விட்டுவிட வேண்டும், அது மறுபடி தழைக்கும். லயத்துக் கொல்லையில் அப்படி இல்லை. லொறிக்கு இலை பிரியாத முழுப்பூட்டாகப் போகவேண்டும் என்பதால் அடியோடு வெட்டுவார்கள்.

பறித்த இலையை உப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவுவார். பிறகு துணியில் உதறிக் காயவைப்பார். இலைமேல் ஊற்றும் சாற்றுக்குப் பங்களா மாட்டின் பாலாடையும் பிபிலை ஊர்த் தோடம்பழமும். அந்தப் பழம் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சைத் தோலை மெல்லத் துருவிப் போடுவார், வெள்ளைப் பகுதி பட்டால் கசக்கும். தேசிக்காய்ப் புளியைச் சொட்டுச் சொட்டாக விடுவார், அவசரப்பட்டால் பாலாடை திரைந்துவிடும். எல்லாம் ஆனதும் ஒரு இலையைச் சாற்றில் தோய்த்து, நின்ற நிலையிலேயே வாயில் போட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் தட்டு மேசைக்குப் போகும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் இலை பறித்துக் கொடுப்பது என் வேலை. கோப்பையில் ஒட்டியிருக்கும் சாற்றை வழித்து நக்குவது அதற்குக் கூலி.

4

எனக்கு அப்போது வயது பதினைந்து முடிந்து பதினாறு. சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். அன்று ஒன்பது மணி பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய் ஸ்டூடியோவில் படம் எடுப்பதாக ஏற்பாடு. வெள்ளைச் சீருடையை முந்தின நாளே மடித்துத் தலையணைக்கடியில் வைத்து மடிப்புக் குலையாமல் பார்த்திருந்தேன்.

காலையில் அப்பா வந்து, "கொழும்புலேருந்து ரெண்டு பேரு வந்திருக்காங்க, எலை நெறைய வேணும் புள்ள. பறிச்சு வச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்கு ஏறிவிட்டார்.

இரவெல்லாம் மழை. பங்களாத் தோட்டத்துக்கு எழுபது, எண்பது படி ஏறவேண்டும், வழியெல்லாம் அட்டை. வெள்ளைச் சீருடையில் இரத்தக் கறையோடு படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் பக்கத்து வீட்டாரின் பாத்தி தளதளவென்று நின்றது. நான்கு பூட்டு வெட்டினேன். பீலிக் குழாய்த் தண்ணீரில் அலசி, தண்டை அங்கேயே அறுத்துப் போட்டுவிட்டு, இலைகளைத் தனித்தனியாகக் கூடையில் அடுக்கி, லயத்து வழியாக மேலே வேலைக்கு ஏறிய பங்களா வேலைக்காரியிடம் கொடுத்தேன். ஓடினேன். பஸ் கிடைத்தது.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெட்டும்போது பாத்தி ஓரத்தில் ஒரு குச்சி சேற்றில் விழுந்து கிடந்தது. அதில் சிவப்புத் துணி இருந்தது. மழையில் சாய்ந்திருக்கிறது. பார்த்தேன். பழைய குச்சியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெட்டினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது லயமே வெளியில் நின்றது. துரையும், துரைசாணியும், கொழும்பு விருந்தாளிகள் இரண்டு பேரும் வாந்தியெடுத்து, வாயில் நுரை தள்ளி, ஜீப்பில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். விருந்தாளிகளில் ஒருவர் பட்டாளத்துப் பெரிய ஆள். பங்களா வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. ஓடிப்போய்ப் பீலியடியைப் பார்த்தேன். நான் அறுத்துப் போட்ட தண்டு ஒன்றைக் கூடக் காணவில்லை. ஆடு தின்றிருக்கும் என்று நினைத்தேன். ஆடு செத்துக் கிடக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்பா இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. விசாரணைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அம்மா அழுதாள்.

5

நான்கு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அப்பா எல்லார் முன்னாலும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: பங்களாப் பாத்திக்குத் தானே மருந்து அடித்ததாகவும், வேலை மும்முரத்தில் கழுவ மறந்துவிட்டதாகவும். முந்தின வாரம் அவர் அங்கே மருந்து அடித்தது உண்மை. ஆகவே அவர் அதை நம்பித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்று தண்ணீர் கழுவும் மனிதர், தன் கைமேலேயே சந்தேகப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

வேலை போனது. மறுவாரம் அவர் காலைப் பெரட்டில் மற்ற ஆட்களோடு வரிசையில் நின்று பேர் கொடுத்தார். கவ்வாத்துக் கத்தி கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் கரண்டி பிடித்த கை தேயிலைச் செடி வெட்டிக் கொப்புளம் கண்டது. "இலையக் கழுவத் தெரியாத கோக்கி" என்று சிரித்தார்கள். நான் இரவில் படிக்கிற மாதிரி புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இருப்பேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பயம் போய் வெட்கம் வந்தது. வெட்கம் போகவேயில்லை. படித்தேன், பதுளைக்கு வேலைக்குப் போனேன், ஞானத்தைக் கட்டினேன், கடல் தாண்டினேன்.

அன்று பண்டாரவளையில் எடுத்த படம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. வெள்ளைச் சீருடை, கறையே இல்லை. வெட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சிரிக்காமல் இரு என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியும் உதட்டோரம் ஒரு சிரிப்பு தெரிகிறது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது.

6

மதுரா கோப்பையை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஸ்கூல் தாளில் செய்முறை எழுத உட்கார்ந்தாள். நான் பாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம்.

"யாரு, புஷ்பமா? சாப்டியா?"

"இங்க காலைதான்ப்பா. பாரம் நெரப்பணும். கேக்குறதுக்கு மட்டும் சொல்லுங்க."

"கேளு."

"என்னென்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டிருக்கு."

"பங்களாவுல ஒம்பது வருஷம் கோக்கி. அப்புறம் கவ்வாத்து. அறுவது வயசு வரைக்கும்."

"பங்களா வேலைய ஏன் விட்டீங்கன்னு கேட்டிருக்குப்பா."

அப்படி ஒரு கேள்வி அந்தப் பாரத்தில் இல்லை. எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது.

"கழுவலன்னு எழுதேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா, அது பங்களா எலை இல்லப்பா" என்றேன். "லயத்துக் கொல்லையில நான் வெட்டுனது. துணி கட்டுன குச்சி கீழ கெடந்துச்சு. பாத்தேன். பாத்துட்டும் வெட்டுனேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, சட்டை அழுக்காகும்னு..."

"தெரியும்" என்றார்.

நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன். மறுபடி காதில் வைத்தேன்.

"என்னப்பா தெரியும்?"

"பீலிக்கிட்ட தண்டு கெடந்துச்சே. நாலு தண்டு, கத்தி பட்டது. பங்களாப் பாத்தியில நாம என்னிக்கிப் புள்ள கத்தி வச்சோம்? அவங்க வாந்தியெடுக்க ஆரம்பிச்சதும் எலை எங்கேருந்து வந்துச்சுன்னுதான் நான் மொதல்ல ஓடிப்போயி பாத்தேன். அள்ளி மடியில கட்டிக்கிட்டுப் போயி ஒரக்குழியில பொதச்சேன். அப்புறம்தான் நான் கழுவலன்னு சொன்னது."

"ஏன்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருப்ப. சொன்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிரும். அப்புறம் போலீஸ்காரன் முன்னால தெரியாதுன்னு எப்படி நிக்கிறது? பட்டாளத்து ஆளு நுரை தள்ளிக் கெடக்கான். தமிழ்ப் புள்ள, மருந்து வச்ச எலையக் கொண்டாந்து குடுத்துச்சுன்னு எழுதுனா உன்ன எங்க கொண்டு போவாங்க? அது சண்டைக் காலம்னு உனக்குத் தெரியாதா? கெழட்டு கோக்கி சோம்பேறின்னா வேலையோட போயிரும்."

பதினாறு வருஷமாக நான் சுமந்ததாக நினைத்த மூட்டையின் மறு முனையை அவர் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார். ஞானம் எட்டிப் பார்த்து, "ஏனப்பா அழுறீர்? மாமாவுக்கு ஏதும்...?" என்றார். கையால் ஒன்றுமில்லை என்று காட்டினேன்.

"அப்ப ஏன்ப்பா அந்தச் சாற அதுக்கப்புறம் செய்யவே இல்ல? கை மேலயே வெறுத்துப் போச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"வெறுப்பா? லயத்துல பாலாடைக்கு எங்க போறது? மாடு பங்களாவுலதானே இருந்துச்சு." மறுபடி சிரித்தார். "பேத்தி கேட்டுச்சு, சொன்னேன். ஒண்ணும் மறக்கல பாத்தியா? சரி, அடுத்தது என்ன கேட்டிருக்கு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாரத்தைப் புரட்டினேன். "பெரிய வருத்தம் ஏதும் வந்து ஆஸ்பத்திரியில இருந்திருக்கீங்களான்னு கேட்டிருக்கு. இல்லன்னு போட்டிருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போகல. வெறகுக் கொட்டில்லதான் ரெண்டு நாள் கெடந்தேன்."

"எப்ப?"

"அன்னிக்குத்தான், போலீசுகிட்ட கழுவலன்னு சொல்லி முடிச்சதும். கண்ணு ரெண்டும் சுருங்கிப் போயி வெளிச்சமே தெரியல. வெளிய வந்தா டாக்டர்கிட்ட கொண்டு போவாங்க, நோண்டி நோண்டிக் கேப்பாங்கன்னு அங்கேயே படுத்திட்டேன். வேலைக்காரி உப்புத் தண்ணி குடுத்தா. உங்கம்மாவுக்கும் சொல்லல."

"நீங்க ஏன்ப்பா..." என்று தொடங்கினேன்.

"என்ன கேள்வி புள்ள இது? கோக்கி ஒரு எலை திங்காம மேசைக்குப் போகுமா?"

7

எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அவர் ஒரு இலையைத் தோய்த்து வாயில் போடுவதை. பதினாறு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட, அந்த இலை என் நினைவுக்கு வரவில்லை. நான்கு பேரை நினைத்தேன். போலீசை நினைத்தேன். ஆட்டைக் கூட நினைத்தேன்.

அந்தக் கேள்விக்கு நேரே "இல்லை" என்ற கட்டத்தில் நான் முன்பே போட்டிருந்த கோடு இருந்தது. அடித்து எழுதினால் பாரம் செல்லாது. அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

மதுரா பையைக் கிழித்து இலையைக் கோப்பையில் கொட்டப் போனாள். வாங்கி, பெரிய சட்டியில் உப்புத் தண்ணீர் வைத்து, ஒரு தடவை கழுவி ஊற்றினேன். இரண்டாம் தடவை கழுவினேன்.

"அம்மா, மூணு தரம் கழுவினதுன்னு பேக்ல போட்டிருக்கு!" என்று கத்தினாள். மூன்றாம் தடவையும் கழுவினேன். துணியில் உதறினேன். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டே சாற்றைக் கலந்தாள். பச்சை இலைமேல் பாலாடை மெல்லப் படிந்தது.

"ஓகே, லாஸ்ட் ஸ்டெப்" என்று தன் தாளைப் பார்த்தாள். "தாத்தா சொன்னார், குக்தான் முதல் லீஃப் சாப்பிடணும். இன்னிக்கு நான்தான் குக்."

நல்ல இலை ஒன்றாகப் பார்த்து எடுத்துச் சாற்றில் தோய்த்து, வாய்க்குக் கொண்டு போனாள்.

எனக்கே தெரியாமல் என் கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இலையைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். திறந்த வாயை மூட மறந்து பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.